நோய் எங்கிருந்து வந்தது? பொறுப்பு யாருடையது?

 



கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. முகக்கவசங்கள் மறைந்துவிட்டன. பள்ளிவாசல்களில் இடைவெளி விட்டு நின்ற ஸஃப்புகள் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்துவிட்டன. ஒரு தர்க்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை. இது ஆய்வுக்கூடத்திலிருந்து கசிந்தது என்கிறார் ஒருவர். இல்லை, சந்தையில் விற்ற விலங்கிலிருந்து தொற்றியது என்கிறார் இன்னொருவர். வேண்டுமென்றே பரப்பப்பட்ட ஆயுதம் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தாலும் இதே பேச்சு. திருமண விருந்துக்குச் சென்றாலும் இதே பேச்சு. ஒவ்வொருவரும் தாம் கேட்டதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்கள்.

மார்க்கம் பேச வேண்டிய மேடையில் இது எதற்கு என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். ஒரு மனிதனின் மீதோ, ஒரு சமுதாயத்தின் மீதோ, ஓர் அரசின் மீதோ பழி சுமத்துவது மார்க்க விவகாரமே ஆகும். சாட்சியம் என்பது அமானிதம். அதில் கூட்டுவதும் குற்றம், குறைப்பதும் குற்றம்.

முதல் ஒட்டகம்

நோயின் தொடக்கத்தைப் பற்றிய கேள்வி நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் அவையிலேயே அது எழுந்திருக்கிறது. தொற்றுநோய் குறித்து அறியாமைக் கால அரபியர் கொண்டிருந்த நம்பிக்கையை அண்ணலார் மறுத்துரைத்தபோது, கிராமவாசி ஒருவர் எழுந்து ஐயம் கேட்டார். மணல்வெளியில் மான்களைப் போல் துள்ளித் திரியும் தம் ஒட்டகங்களுக்கு நடுவே சொறி பிடித்த ஓர் ஒட்டகம் வந்து கலந்தால் எல்லாவற்றுக்கும் சொறி வந்துவிடுகிறதே, இது எப்படி என்பது அவரது ஐயம். அப்படியானால் அந்த முதல் ஒட்டகத்திற்கு நோயை ஒட்டவைத்தது யார் என்று நபியவர்கள் திருப்பி வினவினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இதை எடுத்துக்கொண்டு, இஸ்லாத்தில் தொற்று என்பதே இல்லை, ஆகவே எந்தத் தடுப்பும் வேண்டாம் என்று வாதிட்டவர்களும் கொரோனாக் காலத்தில் நம்மிடையே இருந்தார்கள். அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாகவே, நோயுற்ற கால்நடையை நலமாக உள்ளவற்றோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்ற கட்டளையும் வந்திருக்கிறது. ஆகவே இமாம்கள் இரண்டையும் இணைத்தே விளக்கினார்கள். நோய் தன் சுயசக்தியால் தாவுவதில்லை. அல்லாஹ்வின் நாட்டப்படி, அவன் அமைத்த காரணங்களின் வழியே தாவுகிறது. அந்தக் காரணங்களைத் தேடுவதும் தடுப்பதும் நம் மீதுள்ள கடமை.

அந்தக் கிராமவாசியை அண்ணலார் அதட்டி உட்காரவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரது கேள்வியை இன்னும் ஒரு படி பின்னோக்கி நகர்த்தினார்கள். இன்றைய விஞ்ஞானிகள் வூஹான் நகரத்தில் தேடிக்கொண்டிருப்பதும் அந்த முதல் ஒட்டகத்தைத்தான்.

தேடியவர்களுக்குக் கிடைத்தது என்ன?

2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் மாநகரில், காரணம் புலப்படாத நுரையீரல் அழற்சியோடு நோயாளிகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் ஹுவானான் என்னும் மொத்த வியாபாரச் சந்தையோடு தொடர்புடையவர்கள். மீன் சந்தை என்று பெயரிருந்தாலும் அங்கே உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்கப்பட்டன. அதே வூஹான் நகரில்தான் வவ்வால்களிடமுள்ள கொரோனா வகைக் கிருமிகளை ஆண்டுக்கணக்கில் சேகரித்து ஆராய்ந்துவந்த புகழ்பெற்ற நச்சுயிரியல் நிறுவனமும் இருக்கிறது. ஒரே ஊரில் சந்தையும் ஆய்வுக்கூடமும் இருந்ததே இத்தனை சச்சரவுக்கும் மூலம்.

இரண்டில் எதையுமே நடக்க முடியாதது என்று தள்ளிவிட இயலாது. இதற்கு முன்னோடியான சார்ஸ் நோயை எண்ணிப் பாருங்கள். 2002 இறுதியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தோன்றி, 8,096 பேரைத் தாக்கி, 774 உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. சில மாதங்களுக்குள்ளாகவே அம்மாகாணச் சந்தைகளில் விற்ற புனுகுப்பூனைகளிடம் அக்கிருமியின் நெருங்கிய உறவைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே சந்தை வழி நடந்த ஒன்று. அதே சார்ஸ் கிருமி 2004-இல் பீஜிங் ஆய்வுக்கூடத்திலிருந்து கசிந்து ஒன்பது பேரைத் தாக்கியது. அங்கு பணிபுரிந்த மாணவி ஒருவரின் தாயார் அதில் இறந்துபோனார். ஆகவே ஆய்வுக்கூட வழியும் நடந்த ஒன்று.

கொரோனாவில் நிலைமை என்ன? சந்தை வழிதான் என்போர் காட்டும் சான்றுகள் வலுவானவை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, 2019 டிசம்பர் மாத நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. சந்தைக்குப் போகாதவர்களின் வீடுகளும் சந்தையைச் சுற்றியே செறிந்திருந்தன. சந்தையில் தரையையும் கூண்டுகளையும் துடைத்தெடுத்த மாதிரிகளில் கிருமியும் ரக்கூன் நாய் என்னும் விலங்கின் மரபணுவும் சேர்ந்து கிடைத்தது 2023-இல் தெரியவந்தது. ஆனால் மனிதனுக்குத் தொற்றுவதற்கு முன்பே அக்கிருமியைச் சுமந்திருந்த ஒரு விலங்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சந்தையில் நோய் பெருகுவதும் சந்தையில் நோய் பிறப்பதும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். 2020 மே மாதத்தில் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து மாவட்டம் மாவட்டமாக நோய் பரவியதை நாம் கண்டோம். கொரோனா கோயம்பேட்டில் பிறந்தது என்று எவரேனும் சொல்வார்களா?

ஆய்வுக்கூட வழிதான் என்போர், அந்நிறுவனம் அதே நகரில் இருப்பதையும், கொரோனாவுக்கு நெருங்கிய கிருமிகளைச் சுமக்கும் வவ்வால்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் யுன்னானிலும் லாவோஸிலும் வாழ்வதையும் சுட்டுகிறார்கள். அது நியாயமான கேள்வியே. ஆனால் இந்தக் கிருமியோ இதற்குத் தாயான கிருமியோ நோய் வெடிப்பதற்கு முன்னர் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தது என்பதற்குச் சான்று வெளிவரவில்லை. அவர்கள் வைத்திருந்ததாக அறியப்பட்டவற்றுள் மிக நெருங்கியது 96 சதவீதமே ஒத்திருந்தது. மீதி 4 சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். கிருமிகளின் கணக்கில் அது பல பத்தாண்டு கால மாற்றத்தின் தூரம்.

உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய குழு 2021-இல் வூஹான் சென்று சீன நிபுணர்களோடு கூட்டறிக்கை அளித்தது. ஆய்வுக்கூடக் கசிவு மிகமிக அரிது என்று அவ்வறிக்கை கூறியது. அது வெளியான அன்றே அந்நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், எல்லாக் கருதுகோள்களும் இன்னும் திறந்தே இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் 174 நோயாளிகளின் மூலப் பதிவுகளைக் குழு கேட்டது, சுருக்கத்தையே கொடுத்தார்கள். அடுத்த கட்ட விசாரணையைச் சீனா மறுத்துவிட்டது. பின்னர் அந்நிறுவனம் அமைத்த மற்றொரு அறிவியல் குழு 2025 ஜூன் 27 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. கிடைத்துள்ள சான்றுகளின் எடை விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவியதன் பக்கமே சாய்கிறது. எனினும் கேட்ட விவரங்களைச் சீனா தராததால் எந்த வழியையும் முற்றாக விலக்க முடியவில்லை என்பது அதன் சாரம்.

அமெரிக்க உளவு அமைப்புகளின் கதையோ வேறு. கையிலுள்ள தகவல்கள் ஏறத்தாழ ஒன்றே, முடிவுகள் இரண்டு. ஆய்வுக்கூடம் என்கிறது ஒரு சாரார், இயற்கை என்கிறது மறு சாரார். 2025 ஜனவரியில் சி.ஐ.ஏ. தன் கருத்தை மாற்றி ஆய்வுக்கூடத்தின் பக்கம் சாய்ந்தது. அதுவும் "குறைந்த நம்பிக்கையோடு" என்ற முத்திரையோடு சாய்ந்தது. சான்று மெலிந்தது என்பதற்கு உளவுத்துறை வைத்திருக்கும் பெயர் அது. நம் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி எப்படி வந்தது தெரியுமா? "நிரூபணமாகிவிட்டது" என்று வந்தது.

இரண்டு சட்டைகள்

திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில் வரும் சட்டைகளுள் இரண்டை எண்ணிப் பாருங்கள். இரண்டுமே யூசுஃப் (அலை) அவர்களின் சட்டைகள். முதல் சட்டையைச் சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்தார்கள். பழியைச் சுமந்தது ஓர் ஓநாய், வாய் திறந்து மறுக்க முடியாத ஒரு விலங்கு. மனிதர்கள் செய்ததை விலங்கின் மீது ஏற்றுவது அவ்வளவு எளிது. இரண்டாவது சட்டை அரண்மனையில் கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் நிரபராதி என்று அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே அளவுகோல் வகுத்தார். சட்டை புரட்டிப் பார்க்கப்பட்டது. உண்மை வெளிவந்தது.

இரண்டாவது நிகழ்ச்சியில் அளவுகோல் முதலில் வகுக்கப்பட்டது, சட்டை பிறகு பார்க்கப்பட்டது. நாமோ முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சட்டையைப் பிறகு தேடுகிறோம். சீனாவைப் பிடிக்காதவர் ஆய்வுக்கூடம் என்கிறார். அமெரிக்காவைப் பிடிக்காதவர் அமெரிக்கச் சதி என்கிறார். யஃகூப் (அலை) அவர்களின் நிலையையும் பாருங்கள். மக்கள் சொன்னது பொய் என்று அவர்களின் உள்ளம் அறிந்திருந்தது. அதை முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் நடந்தது இதுதான் என்று தாமாக ஒரு கதையைக் கட்டவில்லை. பொறுமையோடு அல்லாஹ்விடம் உதவி தேடினார்கள். பின்னொரு நாளில், யூசுஃபைத் தேடிப் போங்கள் என்று மக்களையே அனுப்பினார்கள். ஒன்றை நம்ப மறுப்பது வேறு, இன்னொன்றை இட்டுக்கட்டுவது வேறு.

மறைத்ததற்குச் சான்று வேண்டுமா?

நோய் எந்த வழியில் மனிதனுக்கு வந்தது என்பது முடிவாகத் தெரியவில்லை. வந்த பிறகு அதிகாரத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியும், சகோதரர்களே! இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வவ்வாலையும் பிடிக்க வேண்டாம், ஆய்வுக்கூடத்தின் பூட்டையும் உடைக்க வேண்டாம். நாள் நாளாகப் பதிவுகள் இருக்கின்றன.

வூஹான் மத்திய மருத்துவமனையின் கண் மருத்துவர் லீ வென்லியாங், 2019 டிசம்பர் 30 அன்று தம்மோடு படித்த மருத்துவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை ஒன்றை அனுப்பினார். சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்கு சார்ஸ் போன்ற நோய் கண்டிருக்கிறது, கவனமாக இருங்கள் என்பதே அதன் பொருள். 2020 ஜனவரி 3 அன்று காவல் நிலையத்துக்கு அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்து, இனிச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவர் மருத்துவமனைக்குத் திரும்பினார்; நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றிக்கொண்டது; பிப்ரவரி 7 அன்று இறந்தார். அடுத்த மாதம் அதே அரசின் விசாரணைக் குழு அந்தக் கண்டிப்பு தவறு என்று அறிவித்தது. காவல்துறை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு அவருடைய குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தது.

அதே ஜனவரி 3 அன்று, நோய் மாதிரிகளை வைத்திருக்கும் ஆய்வகங்கள் அவற்றைக் குறிப்பிட்ட நிலையங்களிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும், அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவு போயிற்று. உயிர்ப் பாதுகாப்புக் கருதியே என்று பிறகு விளக்கம் தந்தார்கள். ஷாங்காயைச் சேர்ந்த விஞ்ஞானி ஜாங் யோங்ஜென், கிருமியின் மரபணு வரிசையை ஜனவரி 5-ஆம் நாளே கண்டறிந்துவிட்டார். அரசு வெளியிடவில்லை. 11-ஆம் நாள் அவரும் அவருடைய வெளிநாட்டு நண்பரும் அதனை உலகறிய வெளியிட்டார்கள். மறுநாளே அவருடைய ஆய்வகம் "சீரமைப்புக்காக" மூடப்பட்டது. உலகின் தடுப்பூசிகள் பல அந்த வரிசையைக் கொண்டே உருவாக்கப்பட்டன என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஜனவரி 18 அன்று வூஹானின் ஒரு குடியிருப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலந்துகொண்ட புத்தாண்டு விருந்தை அனுமதித்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று 20-ஆம் நாள்தான் நாட்டுக்குச் சொன்னார்கள். 23-ஆம் நாள் ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தைப் பூட்டினார்கள். அதற்குள் ஐம்பது இலட்சம் பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள் என்று அந்நகர மேயரே சொன்னார். மேலிடத்து அனுமதியின்றித் தாம் தகவல் வெளியிட முடியாது என்றும் அவர் தொலைக்காட்சியில் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது.

நாடுகள் கையெழுத்திட்ட 2005-ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளின்படி, உலகைப் பாதிக்கக்கூடிய நோயை மதிப்பிட்டறிந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உடன்படிக்கையை நிறைவேற்றுவது பற்றித் திருமறை எத்தனை இடங்களில் வலியுறுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதோடு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா, ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தளபதிகள் வந்து சொன்னார்கள். சொன்னவர்களை அவர்கள் தண்டிக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து பிளவுபட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள்; அவர்களும் பிளவுபட்டார்கள். குறைஷி முதியோரைக் கேட்டார்கள். திரும்பிவிடுங்கள் என்று ஒருமித்துச் சொன்னார்கள். முடிவை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கலீஃபாவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள் சினந்து வாயடைக்கவில்லை; அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள்; செழித்த கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகக் காட்டி விளக்கினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் செல்ல வேண்டாம், அங்கிருப்போர் வெளியேற வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிப்பிடும் அந்த நோயில் அபூஉபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்ற மாமனிதர்கள் மரணித்தார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து போகச் செய்தார்கள், நோய் தணிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பயான்களில் நாம் அதிகம் சொல்வதில்லை. உமர் (ரலி) அவர்கள் தாமே ஷாமுக்குச் சென்றார்கள். இறந்தவர்களின் சொத்துக்கள் வாரிசுகளுக்குச் சேர வேண்டுமே, அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்காக. நோய் போய்விட்டது, இனி என்ன என்று மதீனாவில் அவர்கள் இருந்துவிடவில்லை.

பிறர் குற்றத்தின் நிழலில்

சீன அரசைக் குறித்து இவ்வளவு சொன்னதும் சிலருக்கு மனம் குளிர்ந்திருக்கும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். பிறப்பிடத் தர்க்கம் பல அரசுகளுக்கு நல்ல நிழற்குடையாகப் பயன்பட்டது. அமெரிக்காவின் அன்றைய அதிபர் டிரம்ப் 2020 ஜனவரியில் சீனாவின் வெளிப்படைத்தன்மையைப் புகழ்ந்தார். தம் நாட்டில் பிணங்கள் குவியத் தொடங்கியதும் "சீன வைரஸ்" என்று பெயர் சூட்டினார். நோய் கொடியது என்று பிப்ரவரியிலேயே ஒரு பத்திரிகையாளரிடம் ஒலிப்பதிவில் சொல்லியிருந்தவர், மக்களிடம் அதைக் குறைத்தே பேசினார். சீன வெளியுறவுத்துறைப் பேச்சாளரோ, அமெரிக்க இராணுவம் கொண்டுவந்திருக்கலாம் என்று மார்ச் மாதத்தில் எழுதினார். இருவரும் ஒருவர் மீது ஒருவர் விரல் நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இரு நாட்டு மக்களும் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

முன்னாள் சோவியத் நாட்டில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 1979-இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் நோயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று அரசு சொன்னது. மீண்டும் ஒரு விலங்கு! பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1992-இல்தான், இராணுவக் கிருமி நிலையமே காரணம் என்று அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டார். நோயுற்றவர்கள் வசித்த, வேலை செய்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, அன்று காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டைக்குள்ளேயே அவற்றுள் பெரும்பாலானவை அமைந்திருந்தன. வாய் மூடியிருந்த ஓநாய்க்காகக் காற்று சாட்சி சொன்னது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் பிராணவாயு உருளைக்காக அலைந்த குடும்பங்கள் இதனை வாசிப்போரிடையேயும் இருக்கும். ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று அவ்வாண்டு ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் விடையளித்தது. 2021 இறுதி வரை கொரோனாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,81,000 பேர் என்பது அரசின் கணக்கு. 47 இலட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கணக்கிட்ட முறையே தவறு என்று அரசு மறுத்தது. எது சரி என்று மிம்பரில் நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் 2025-இல் அரசே வெளியிட்ட பிறப்பு இறப்புப் பதிவேட்டின்படி, 2020-இல் பதிவான மரணங்கள் 81 இலட்சம். 2021-இல் 1 கோடியே 2 இலட்சம். ஒரே ஆண்டில் ஏறிய அந்த 21 இலட்சம் பேர் யார்? எதனால் போனார்கள்? அவர்கள் எல்லோரும் எவருடைய வீட்டிலோ தகப்பனாகவும் தாயாகவும் இருந்தவர்கள். உச்சநீதிமன்றத் தலையீட்டின் பேரில் அறிவித்த ஐம்பதாயிரம் ரூபாய் உதவியைப் பெறக்கூட கொரோனாவால் இறந்ததற்கான ஆதாரம் தேவைப்பட்டது. ஷாமுக்குப் போய் வாரிசுகளின் கணக்கைத் தீர்த்த கலீஃபாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியில் முதலில் வருபவர் ஆட்சியாளர். ஓநாய் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் மேய்ப்பனின் பொறுப்பு நீங்கிவிடுமா? கிருமி வூஹானின் சந்தையிலிருந்தே வந்திருக்கட்டும், ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்திருக்கட்டும். தில்லியில் உருளை இல்லாமல் போனதற்கு அது விடையாகாது.

அரசைக் கேட்கும் கேள்வி மக்கள் மீது பாயும் பகையாக மாறுவது எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதையும் பார்த்தோம். 2020-இல் மேலைநாட்டு வீதிகளில் சீன முகச்சாயல் கொண்டவர்கள் தாக்கப்பட்டார்கள். நம் நாட்டிலேயே வடகிழக்கு மாநிலச் சகோதரர்களைக் "கொரோனா" என்று கேலி செய்து வாடகை வீட்டை விட்டு விரட்டினார்கள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்பதும் திருமறையின் கருத்துக்கள். லீ வென்லியாங்கும் சீனர்தான். ஜாங் யோங்ஜென்னும் சீனர்தான்.

நம்மவர்கள் சிலர் செய்ததையும் மறைப்பதற்கில்லை. 2020-இன் தொடக்கத்தில், உய்கூர் முஸ்லிம்களைச் சீனா துன்புறுத்தியதற்கு அல்லாஹ் அனுப்பிய தண்டனை இது என்று நம் குழுமங்களில் மகிழ்ச்சியோடு பகிர்ந்தார்கள். உய்கூர் மக்கள் மீதான கொடுமை உண்மை. அதைக் கண்டிக்க வேண்டும். ஆனால் இந்நோய் இன்னாருக்கான தண்டனை என்று அறிவிக்க எவருக்கு வஹீ வந்தது? சில வாரங்களில் மார்ச் மாதம் பிறந்தது. கஃபாவைச் சுற்றியுள்ள மதாஃப் வெறிச்சோடியது. அவ்வாண்டு ஹஜ் வெளிநாடுகளிலிருந்து வருவோர் எவருமின்றி, சவூதியில் வசித்த மிகச் சிலரோடு நிறைவேறியது. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களின் வீடுகளுக்குள்ளும் நோய் நுழைந்தது. கொள்ளைநோயில் பொறுமையோடு மரணிக்கும் இறைநம்பிக்கையாளருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற நன்மாராயம் அப்போதுதான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு பழி நம் பக்கமே திரும்பியது. தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியிருந்த தப்லீக் ஜமாஅத்தினரைக் காட்டி, நாட்டில் நோயைப் பரப்பியவர்களே இவர்கள்தாம் என்றார்கள். நோயாளிகளின் அன்றாடக் கணக்கில் அவர்களுக்கெனத் தனி வரி இருந்தது. காய்கறி விற்ற முஸ்லிமைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கூறியது. தில்லி உயர்நீதிமன்றம் எழுபது இந்தியர் மீதான வழக்குகளை ரத்துச் செய்ய 2025 ஜூலை 17 வரை ஆயிற்று. ஐந்து ஆண்டுகள்! சான்றின்றிப் பழி சுமப்பது எப்படி இருக்கும் என்பதை அறிந்த சமுதாயம் நாம். வூஹானின் சந்தை வியாபாரியைப் பற்றியோ, அங்குள்ள ஆய்வாளரைப் பற்றியோ வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப விரலை உயர்த்தும்போது இதை மறக்கலாமா? கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்து.

கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவமனையில் இறந்தவரின் ஆவணங்களைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் மஹல்லாவில் 2020, 2021 ஆண்டுகளில் நடந்த ஜனாஸாக்களின் பதிவேட்டை ஜமாஅத் அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள். பல ஊர்களில் அந்தப் பதிவேடு அரசின் கணக்கைவிட நேர்மையானது. திருமறையும் அச்சம் தரும் செய்தி வந்தால் அதைப் பரப்பிவிடாமல், ஆய்ந்து அறியக்கூடியவர்களிடம் கொண்டுசெல்லவே பணிக்கிறது. ஆய்ந்து அறிபவர் இருக்க வேண்டும். அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துக் கையெழுத்து வாங்காத அரசும் இருக்க வேண்டும்.

கடல் கடந்த நம் உறவுகளான இலங்கை முஸ்லிம்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தபோதும், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் காட்டி, 2020 ஏப்ரல் முதல் கொரோனா ஜனாஸாக்கள் அனைத்தையும் எரிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு கட்டாயப்படுத்தியது. பிறந்து இருபதே நாளான குழந்தையும் அவ்வாறு எரிக்கப்பட்டது. சான்றைக் காட்டுங்கள் என்று அந்தப் பெற்றோர்கள் கேட்டார்கள், வெள்ளைத் துணியைக் கட்டி வேலிகளில் தொங்கவிட்டுக் கேட்டார்கள். 2021 பிப்ரவரி இறுதியில் உத்தரவு விலகியது. கிழக்கே ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அறிவியல் சான்று எதுவும் அந்த உத்தரவுக்கு இருந்ததில்லை என்பதை அப்போது எவரும் மறுக்கவில்லை.

யா அல்லாஹ்! இந்நோயில் உன்பால் மீண்ட எங்கள் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்வாயாக! அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக! கப்ரே கிடைக்காமல் போனவர்களையும் உன் ரஹ்மத்தில் அடக்கிக்கொள்வாயாக! ஆமீன்.